“எப்ப எழுதுனது?” என்று கேட்டவன்

செய்தி வந்தபோது நான் சிதம்பரத்தில் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். கடை என்றால் மருந்துக்கடை. கைப்பேசியில் தமிழரசியின் பெயர் வந்தது. தேசிங்கின் மனைவி. அவள் என்னுடன் நேராகப் பேசுவது அபூர்வம். எதுவானாலும் அவனிடம் சொல்லித்தான் அனுப்புவாள். “அண்ணே, குளிச்சிட்டு வந்து உக்காந்தாரு. சட்டைய எடுத்துக் குடுன்னாரு. எடுத்துக்கிட்டு வரேன், அவுரு இல்ல” என்றாள். அழவில்லை. நடந்ததை நடந்தபடி ஒப்பிக்கிற குரல். சட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம் வந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. போனை வைத்த கையோடு எங்கள் குறிப்புச் செயலியைத் திறந்தேன். அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிறான், ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் அவனுடைய லேப்டாப்பை முதல்நாள் அணைக்காமல் விட்டிருக்கிறான், அவ்வளவுதான் விஷயம். அது தெரிய எனக்கு மத்தியானம் ஆயிற்று. அதுவரை அந்தப் புள்ளியைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டுக்கு அவன் வந்திருக்கிறான். அப்பாவுக்குப் புண் கட்டியிருப்பான், அம்மாவுக்கு ஊசி போட்டிருப்பான், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சர்க்கரையோடு குடித்திருப்பான். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, நர்சிங் படித்து, ஆஸ்பத்திரி வேலையில் சலித்துப்போய், வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் சிறிய சேவை ஒன்றை ஆரம்பித்தவன். கடலூர்ப் பக்கத்தை அவன் பார்த்துக்கொண்டான், சிதம்பரம், குமராட்சிப் பக்கத்தை நான். அவன் எனக்கு உறவு இல்லை. ஆனால் கல்லூரி நாளிலிருந்து ஒருவரை ஒருவர் மச்சான் என்றே கூப்பிட்டுப் பழகியதில் தமிழரசிக்கு நான் அண்ணன் ஆகிவிட்டேன், என் மாமனாருக்கு அவன் இன்னொரு மருமகன் ஆகிவிட்டான். அவர் என்று எழுத ஆரம்பித்துப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவது போல் இருந்தது. அதனால் அவன் என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். எங்கள் நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் என்ன மருந்து, எவ்வளவு, எந்த நேரம் என்பதெல்லாம் அந்தச் செயலியில்தான் இருந்தது. என் மாமனாரின் இன்சுலின் அளவு உட்பட. அதை நம்பலாமா கூடாதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன் தேசிங்கு ஒருவன்தான். இனி அதை யார் பார்ப்பது? நான்தான். அந்தக் காலையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது.

செயலி வந்த கதை வேடிக்கையானது. அதற்கு முன்பு எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை அவன் கடைக்கு வந்து போனை என் மேஜையில் போட்டான். “ஊசி அளவுக்கு மேல ஒரு ரோஜாப்பூ, கீழ ஒரு ரோஜாப்பூ. காலை வணக்கமாம். நடுவுல இருக்குற மனுசன் செத்துடுவான் மச்சான்” என்றான். அடுத்த வாரமே இந்தச் செயலியைக் கண்டுபிடித்து எல்லார் போனிலும் ஏற்றிவிட்டான். நோயாளிக்கு ஒரு குறிப்பு. கடலூரில் அவன் மாற்றினால் குமராட்சியில் நர்ஸின் கைப்பேசியில் மாறும், என் கடைக் கம்ப்யூட்டரிலும் மாறும். அவனுக்கு அதில் சின்னப் பிள்ளைக்குரிய சந்தோஷம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் திரையில் “மச்சான் டீ சொல்லு” என்று வந்து விழும். திரும்பிப் பார்த்தால் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பான்.

குறிப்புகளுக்கு அவன் மீன் பெயரில் அடையாளம் வைத்தான். தினமும் போக வேண்டிய வீடுகளுக்கு மத்தி. பொறுமையாக உட்கார்ந்து ஆய வேண்டிய வீடுகளுக்கு, அதாவது நூறு கேள்வி கேட்கிற வீடுகளுக்கு, நெத்திலி. கொஞ்சம் அசந்தால் ஆபத்து என்கிற நோயாளிகளுக்குச் சுறா. என் மாமனார் கோதண்டம் சுறாவில் இருந்தார். குமராட்சிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருக்கிறார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிதம்பரத்துக்கு வந்து எங்களோடு இருங்கள் என்றால் வரமாட்டார். தான் சுறா என்பது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த தடவை தேசிங்கு போனபோது, “என்னாடா, என்ன சுறான்னு போட்டு வச்சிருக்கியாமே” என்று கேட்டார். “ஆமாம் மாமா. புட்டு செய்ற அளவுக்குக்கூட ஒடம்புல சதை இல்ல, ஆனா கடிக்கிறீங்களே” என்றான். அவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு நின்றது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில்.

மாமனாருக்குத் திருவந்திபுரம் பெருமாள் மேல் அப்படி ஒரு பிடிப்பு. புரட்டாசிச் சனிக்கிழமை மலையேறிக் கும்பிட்டுத் திரும்பும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சர்க்கரை வந்த பிறகு விட்டுவிட்டேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டு ரகசியமாகத் தொடர்ந்துகொண்டிருந்தார். தேசிங்குக்கு மட்டும் சந்தேகம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடலூரிலிருந்து குறிப்பை மாற்றிவிட்டான். நாளை விரதம் இருக்கலாம், சாப்பிட்டாரா என்று கண்ணால் பார்க்காமல் ஊசி வேண்டாம் என்று. அன்றைக்குப் பெய்த மழையில் குமராட்சிப் பக்கம் டவர் படுத்துவிட்டது. எங்கள் நர்ஸ் சங்கீதா காலையில் குறிப்பைத் திறந்தாள். அதில் பழையபடி முழு அளவு என்றே இருந்தது. மாமனார் இட்லி ஆயிற்று என்று பொய் சொன்னார். ஊசி போட்டாள்.

திருவந்திபுரம் கூட்டிப்போக நான் காரோடு போய் அவரை ஏற்றிக்கொண்டேன். புவனகிரி தாண்டியதும் பின் சீட்டிலிருந்து, “டிக்கெட் எடுத்தாச்சா? உள்ள போங்க, உள்ள போங்க” என்றார். நானும் என் மனைவியும் சிரித்தோம். அவர் அடிக்கடி செய்கிற விளையாட்டு அது. மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது குரல் குழறியது. கண்ணாடியில் பார்த்தேன். சட்டை தொப்பலாக நனைந்து நெஞ்சில் ஒட்டியிருந்தது. மருந்துக்கடைக்காரனுக்கு அது என்ன என்று தெரியாமல் போகுமா? தெரிந்தது. குறிஞ்சிப்பாடியில் ஒரு டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தித் தேசிங்குக்குப் போன் போட்டேன்.

“பேசுறாரா? முழுங்குறாரா?” இரண்டே கேள்விதான் கேட்டான். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோனேன். மாமனார் வாயை இறுக மூடிக்கொண்டார். விரதமாம். நினைவு பாதி போய்விட்டது, யார் என்றே எங்களைத் தெரியவில்லை, ஆனால் விரதம் மட்டும் நினைவில் இருக்கிறது. என் மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள். தேசிங்கு, “போன அவுரு காதுல வை” என்றான். வைத்தேன். “மாமா, நான் திருவந்திபுரத்துலதான் நிக்குறேன். பெருமாளுகிட்ட நான் சொல்லிட்டேன். அவுரு குடிக்கச் சொல்றாரு. குடிங்க” என்றான். மாமனார் வாயைத் திறந்தார். அவன் அப்போது மஞ்சக்குப்பத்தில் யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தான்.

கடலூர் ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தவனைப் பார்த்தபோது, நோயாளி என் மாமனாரா இவனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு வெளுத்திருந்தான். சங்கீதாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமனார் தேறி எழுந்து, காப்பி எங்கே என்று கேட்ட பிறகும் அவன் உட்காரவில்லை. “அந்தப் பொண்ணு என்ன மச்சான் பண்ணும்? அது போன்ல என்ன இருந்துச்சோ அதத்தான செஞ்சிச்சு” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்த வாரம் என்னைக் கடலூருக்கு வரச் சொன்னான். ஒரு டீக்கடை மேஜையில் போன், லேப்டாப், ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய டேப் மூன்றையும் வரிசையாக வைத்திருந்தான். மாஸ்டர் டம்ளர் வைக்க இடமில்லாமல் முறைத்துக்கொண்டு நின்றார். டேப்பில் வைஃபையை அணைத்துவிட்டு அதில் ‘முழு’ என்று எழுதினான். பிறகு லேப்டாப்பில் ‘பாதி’ என்று எழுதினான். போனில் உடனே ‘பாதி’ என்று மாறியது. “இதானே புதுசு?” என்றான். ஆமாம் என்றேன். இப்போது டேப்பில் வைஃபையைப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பிலும் போனிலும் ‘பாதி’ போய் ‘முழு’ வந்து உட்கார்ந்தது. மேலே, ‘தேசிங்கு, சற்று முன்’ என்று இருந்தது.

“பாத்தியா? பழசு, புதுசு கணக்கா வந்து குந்துது. கடைசியா வந்து சேர்றத இது நம்புது. அது பொய் சொல்லல மச்சான். தான் பழசுன்னு அதுக்கே தெரியல.” சொல்லிவிட்டு டேப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். எனக்கு அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு மென்பொருளின் கோளாறு, சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சரிசெய்யவும் செய்தார்கள், இரண்டு வந்தால் இரண்டையும் தனித்தனியாக வைக்கும்படி புது வடிவம் வந்தது. அவனுடைய பழைய டேப்பில் மட்டும் அது ஏறவில்லை. தூக்கிப் போடு என்றேன். எழுத்து பெரிதாகத் தெரிகிறது, கண்ணாடி போடாமல் படிக்கலாம் என்று வைத்துக்கொண்டான். ஆனால் தினமும் வீட்டுக்குப் போனதும், கை கால் கழுவும் முன்பே, அதைச் சார்ஜில் போட்டு வைஃபையில் இணைத்துவிடுவான். தமிழரசி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள்.

அதற்குப் பிறகு தேசிங்கு மாறிவிட்டான். அதை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள், பலர் அலுத்தும்கொண்டீர்கள். ஊசிக்கு முன்னால் நர்ஸ் குறிப்பை எனக்கோ அவனுக்கோ போனில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கேட்கிறவர் தன் கையில் இருக்கிற குறிப்போடு ஒத்துப் பார்க்க வேண்டும். “போன்ல இருக்குறது வெறும் சேதி. ரெண்டு வாயில வந்தாத்தான் அது மருந்து” என்பான். அது போதாது என்று ஒரு கேள்வி. “எப்ப எழுதுனது?” என்ன எழுதியிருக்கிறது என்பதை அவன் இரண்டாவதாகத்தான் கேட்பான். டவர் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று கேட்டால், டவர் இருக்கிற இடத்துக்கு நட என்பான். வயல் வரப்பில் நின்று போனில் ஊசி அளவைக் கத்திக்கொண்டிருக்கிற எங்கள் நர்ஸுகளைப் பார்த்து ஊரே சிரித்தது.

நானும் கேலி செய்தேன். பயந்தாங்கொள்ளி என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “பயப்படுறவன்கிட்டதான் ஊசியக் குடுக்கணும்” என்றான். அந்தக் கேள்வி அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஓட்டலில் விலைப் பலகையைப் பார்த்து, “இது எப்ப எழுதுனது?” என்று சர்வரைக் கேட்பான். பஸ் நிலையத்தில் நேரம் எழுதிய போர்டைப் பார்த்துக் கேட்பான். என் மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும் கேட்டான். “எழுதி ஒரு வாரம் ஆவுது. மாப்ள அவரேதான்” என்றேன். “பாத்துக்க, இதுவும் மாறப்போவுது” என்றான். என் மனைவிக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவனுக்குப் பாயசம் கிடைக்கவில்லை.

ஒரு பேச்சை மட்டும் அப்போது நான் காதில் சரியாக வாங்கவில்லை. கடலூரில் புயல் எச்சரிக்கை போட்டிருந்த ஒரு நாள், கரண்ட் போகும் முன் எல்லார் போனையும் சார்ஜ் போடச் சொல்லி வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பேச்சோடு பேச்சாக, “மச்சான், இந்தப் பொண்ணுங்க என் பேரு இருந்தா கண்ண மூடிக்கிட்டுப் போட்டுடுதுங்க. என் பேரப் பாத்து எதையும் போடக் கூடாது. சொல்லி வை” என்றான். உன் பேரைப் பார்த்துப் போடாமல் யார் பேரைப் பார்த்துப் போடுவது என்று கேட்டேன். “யாரு பேரையும் பாத்துப் போடக் கூடாது. பேரு வைத்தியம் பாக்காது” என்றான். அதற்குள் அடுத்த போன் வந்துவிட்டது.

அவனைக் கடலூர்ச் சுடுகாட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். அவனால் நடக்க ஆரம்பித்தவர்கள் வாக்கரோடு வந்து நின்றார்கள். என் மாமனாரால் வர முடியவில்லை. அந்த வாரம்தான் அவருக்குக் காய்ச்சல், வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. இறப்பதற்கு முந்தைய நாள் டாக்டரிடம் பேசி அவருடைய இன்சுலினைப் பாதியாகக் குறைத்ததே தேசிங்குதான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போனில் குறிப்பை மாற்றிவிட்டு, எனக்கும் கூப்பிட்டு வாய்விட்டுப் படித்தான். அதுதான் நான் கேட்ட அவன் கடைசிக் குரல். “பாதி, மச்சான். பாதி. திருப்பிச் சொல்லு.” திருப்பிச் சொன்னேன்.

காரியத்துக்குச் சில நாள் இருக்கும்போது ஒரு காலை, வழக்கம்போல் சங்கீதா மாமனார் வீட்டிலிருந்து கூப்பிட்டாள். மாமனார் கொஞ்சம் தேறியிருந்தார், ஆனால் சாப்பாடு இன்னும் அரைகுறைதான். “சார், படிக்கிறேன். கோதண்டம் ஐயா. காலை ஊசி, முழு அளவு. நல்லா சாப்புடுறாரு.”

என் திரையைப் பார்த்தேன். முழு அளவு. நல்லா சாப்புடுறாரு. எழுத்துக்கு எழுத்து அதேதான். இரண்டு வாயும் ஒத்துப்போய்விட்டது. டாக்டர் மறுபடி கூட்டியிருப்பார், யாரோ மாற்றியிருப்பார்கள் என்று மனம் தானாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. கடையில் ஆள் காத்திருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எப்ப எழுதுனது?”

மாமனார் பின்னால் இருமுவது கேட்டது. “சார்” என்றாள். குரல் பாதியாகிவிட்டது. “இப்பதான் சார். சற்று முன்னு போட்டிருக்கு.”

“யாரு?”

“தேசிங்கு சாரு.”

என் திரையில் அதே வரியைத் தேடினேன். இருந்தது. தேசிங்கு, சற்று முன். பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவன் லேப்டாப்பை நானே அணைத்து என் அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். போன் தமிழரசியிடம் அணைந்து கிடந்தது. கல்லாவைப் பிடித்துக்கொண்டேன். எதிரில் நின்றவர், “என்னா சார் ஒடம்பு சரியில்லியா” என்று கேட்டது எங்கோ கேட்டது. பேய் பிசாசு என்று எதையும் நம்பாதவன் நான். அந்த நேரத்தில் எதை நம்பினேன் என்று என்னால் சொல்ல முடியாது.

“சார், அவுரு எங்கேந்தோ பாத்துக்கிட்டுதான் இருக்காரு போல சார்” என்றாள் சங்கீதா. அழுகிறாள் என்று தெரிந்தது. “அவுரு சொன்னா சரியாத்தான் சார் இருக்கும். போட்டுடவா?”

ஒரு நொடி எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. அவன் மேல் எங்களுக்கு இருந்த அன்பு முழுவதும் அந்த ஊசிக்குப் பின்னால் வந்து நின்றது. இறந்தவன் வந்து சொல்கிறான், அதை எப்படித் தட்டுவது? அப்போது புயல் நாளில் காதில் சரியாக விழாத அந்தப் பேச்சு முழுசாக வந்து விழுந்தது.

“போடாதம்மா. ஊசியக் கீழ வை. வச்சிட்டேன்னு சொல்லு.”

“வச்சிட்டேன் சார்.”

“அவன் பேரப் பாத்துப் போடாத. அவனே சொன்னது அது.”

பின்னாலிருந்து மாமனார், “ஏம்மா, போடுறியா இல்லியா? இட்லி ஆறுது” என்றார். அந்த ஆறிய இட்லியில் அவர் ஒன்றோ அரையோதான் சாப்பிடுவார். முழு ஊசியும் அரை இட்லியும். குறிஞ்சிப்பாடி டீக்கடை வாசல் என் கண்முன் வந்தது. இந்தத் தடவை அவர் காதில் பேசி வாயைத் திறக்க வைக்க ஆள் இல்லை.

தமிழரசியைக் கூப்பிட்டேன். எடுத்ததும், “அண்ணே, நல்ல போட்டோ கெடைச்சிடுச்சு” என்றாள். படத்திறப்புக்குப் படம் தேடியிருக்கிறாள். வண்டிப் பெட்டியில் பையோடு கிடந்த டேப் நினைவுக்கு வந்து, எடுத்துச் சார்ஜ் போட்டு, அப்போதுதான் திறந்திருக்கிறாள். எல்லாம் புரிந்தது. இறக்கும் முன் கடைசியாக மாமனாரைப் பார்க்கப் போன அன்று, வைஃபை இல்லாத அந்த வீட்டில் உட்கார்ந்து அவன் டேப்பில் எழுதியிருக்கிறான். முழு அளவு, நல்லா சாப்புடுறாரு. அன்றைக்கு அது உண்மை. காய்ச்சல் அதற்கு அப்புறம்தான் வந்தது. டேப் சார்ஜ் இறங்கி அணைந்துவிட்டது. அலைச்சலில், அந்த ஒரு தடவை, அவன் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் இணைக்கவில்லை. நல்ல உண்மை ஒன்று வண்டிப் பெட்டிக்குள் நாள்கணக்காகக் காத்துக் கிடந்து, அவன் படத்தைத் தேடியபோது எழுந்து வந்துவிட்டது. தான் பழசு என்று அதற்குத் தெரியவில்லை.

“ஏண்ணே, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?” என்றாள். இல்லை என்றேன். நிஜமாகவே இல்லை. அன்று காலை ஒவ்வொரு நர்ஸையும் கூப்பிட்டு, நான் சொல்லும்வரை யாரும் எதையும் போடாதீர்கள் என்றேன். மாமனாரின் டாக்டரிடம் பேசினேன். பாதிதான் என்று உறுதி செய்தார். சங்கீதா பாதி போட்டாள். மற்ற குறிப்புகளில் ஒன்றும் மாறவில்லை என்று பார்த்து முடிக்கும்வரை கடையில் யாருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கவில்லை.

பிறகு செய்ய வேண்டிய ஒன்று மிச்சம் இருந்தது. செயலியிலிருந்து அவன் பெயரை எடுக்க வேண்டும். அழுத்தினால், ‘இந்த உறுப்பினரை நீக்கவா?’ என்று கேட்டது. அதை மட்டும் என்னால் தனியாகச் செய்ய முடியவில்லை. தமிழரசியை மறுபடி கூப்பிட்டு, அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தேன். “செய்ங்கண்ணே. அவுரு இருந்தாலும் அதத்தான் சொல்லுவாரு” என்றாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழுத்தினேன். பச்சைப் புள்ளி போய்விட்டது. செய்தி வந்த நாளில் வராத அழுகை அப்போது வந்தது. அவளும் அழுதாள்.

அந்தப் படம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். படத்திறப்பில் பார்த்தீர்கள். கழுத்தில் கண்ணாடி தொங்க, எதையோ நம்பாமல் பார்க்கிற பார்வை. நல்ல படம். அது தமிழரசியிடம் இருக்கட்டும். டேப்பையும் அவளே வைத்துக்கொண்டாள், இணைப்பைத் துண்டித்துத்தான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவனுடைய பயம். அவன் இருந்தவரை நான் கேலி செய்த பயம். அது இப்போது தினமும் காலையில் எனக்கு முன்பே கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அது போய்விடக் கூடாது என்றும் பயமாக இருக்கிறது.

இன்று காலையும் சங்கீதா கூப்பிட்டாள். கோதண்டம் ஐயா, காலை ஊசி, பாதி என்று படித்தாள். என் திரையிலும் பாதி. எப்ப எழுதுனது என்று நான் கேட்கும் முன்பே, பின்னாலிருந்து மாமனார், “எப்ப எழுதுனதுன்னு கேளும்மா” என்று சத்தம் போட்டார்.

“நேத்து சாயந்திரம் சார். நீங்க எழுதுனதுதான்” என்றாள். அவள் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதி என்னைப் பயமுறுத்தியது.

“நான்னு பாத்துப் போடாதம்மா” என்றேன். “இன்னொரு வாட்டி படி.”